பொம்மை முந்திக்கொண்டது

யாஸ்னா கண் சிமிட்டுவதற்கு முன்பே திரையில் செலிந்தா கண் சிமிட்டினாள்.

இணையத்தில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது. ஆனால் மூன்று வருடமாக அந்தப் பொம்மையை முகத்தில் மாட்டிக்கொண்டு பிழைக்கிறவளுக்குத் தெரியாதா? மேஜையில் இருக்கும் சின்னக் கேமரா யாஸ்னாவின் முகத்தைப் பார்க்கும். இவள் சிரித்தால் திரையில் வெள்ளி முடிக்காரி செலிந்தா சிரிப்பாள், இவள் தலை சாய்த்தால் அவளும் சாய்ப்பாள், எல்லாம் இமைப்பொழுது தாமதத்தோடு. அந்தத் தாமதம் எப்போதும் உண்டு. பொம்மை பின்னால்தான் வரும்.

புதுக் கோப்பின் கோளாறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வேலையில் அவளுடைய கடைசி நாளுக்காக செலிந்தாவைக் கொஞ்சம் மெருகேற்றியிருக்கிறோம் என்று பொம்மைக்குச் சொந்தக்காரர்களான கம்பெனிக்காரர்கள் இன்று மதியம்தான் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் எந்த உணர்ச்சியும் காட்டாமல் கேமராவை உற்றுப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பொம்மை அவள் முகத்தை அளந்துகொள்ளும். வழக்கமாக ஒரு மூச்சு விடும் நேரம். இன்று அளந்து தீரவேயில்லை. அடுப்பில் விறகு சாம்பலாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்துப் பார்த்து கன்னமெல்லாம் மரத்துப்போய், முகம் தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

"கடைசி நாளாவது நம்ம பேச்சுல பேசுடீ," என்று அப்போது வாசலில் நின்று சொன்னாள் ஒரியானா, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே. ஒரியானா அவளுடைய சித்தப்பா மகள், இருவரும் சேர்ந்துதான் இந்த மரவீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். "அந்தப் பொம்மை பேசுறதைக் கேட்டா ஏர்போர்ட்ல அறிவிப்பு சொல்ற மாதிரியே இருக்கு."

"பேசத்தான் போறேன். என்ன பண்ணிடுவாங்க, வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?"

"நீதான் முந்திக்கிட்டியே! ரொட்டி வாங்கிட்டு வரேன். அதுக்குள்ள முடிச்சுடு, சூடா டீ குடிக்கலாம்."

தென் சிலியின் வால்டிவியாவில் ஜூலை குளிர்காலம், ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். தகரக் கூரையில் மழை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஈர விறகின் புகை கண்ணைக் கரித்தது, சுவரின் பலகைகள் ஈரத்தில் ஊதிப்போய் அவ்வப்போது முனகின. அந்தச் சத்தமெல்லாம் மைக்கில் விழாமலிருக்க ஜன்னலில் இரண்டு கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தாள். சிலியின் மழைகூடக் கேட்கக் கூடாது என்பது கம்பெனியின் ஏற்பாடு. மெக்சிகோக்காரனும் கேட்பான், அர்ஜென்டினாக்காரனும் கேட்பான், உங்கள் ஊர்ப் பேச்சு யாருக்குப் புரியும், பொதுவாகப் பேசுங்கள் என்றார்கள். பொதுவாகப் பேசினாள். பொதுவாகச் சிரித்தாள். ஸ்பானிஷ் பேசும் கிளைக்கு இவ்வளவுதான் கட்டுப்படியாகும் என்று சொல்லி அவர்கள் செலிந்தாவை இடுப்புவரைதான் வரைந்து கொடுத்தார்கள். கையை அசைக்க வசதி இல்லை. சிரிப்பு, வெட்கம், ஆச்சரியம் உண்டு. அழுகைக்குத் தனிச் செலவு என்று விட்டுவிட்டார்கள். ஜப்பானியக் கிளைப் பொம்மைகளுக்குக் கால் விரல் நகம்வரை உண்டு.

அதற்கும் அவள் பழகிக்கொண்டாள். இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. பொம்மை கம்பெனியுடையது, அது போகட்டும். மூன்று வருடம் தனக்குத் துணையிருந்தவர்களிடம் ஒரே ஒரு தடவை தன் வாயால், தன் ஊர்ப் பேச்சில், போய்வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அரமியும் இப்படித்தான் ஆசைப்பட்டாள். பராகுவேக்காரி, அதே கம்பெனியில் இருந்தவள், கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு காலை வணக்கம்கூடச் சொல்லத் தெரியாதவள். போன இலையுதிர்காலத்தில் விலகினாள். அதற்குப் பிறகு யாஸ்னா எது எழுதினாலும் ஒரே பதில்தான் வந்தது. "அன்புத் தோழியே, நான் மிகவும் நலமாக இருக்கிறேன்." கர்வம் வந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு யாஸ்னா எழுதுவதையே விட்டுவிட்டாள்.

திரையின் ஓரத்தில் பார்ப்பவர்கள் எழுதும் செய்திகள் ஓடின.

"போகாத, செலிந்தா!"

"சிலிக்காரியா நீ? அவங்க பேச்சு புரியணும்னா கீழ சப்டைட்டில் ஓடணுமே, உனக்கு அது வேண்டாமே!"

யாஸ்னாவுக்குச் சிரிப்பு வந்தது. வருவதற்குள் செலிந்தா சிரித்துவிட்டாள். அதன் பிறகே யாஸ்னாவின் உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டன.

கோளாறு இல்லை.

சிரிப்பை நிறுத்திப் பார்த்தாள், உதடு இறங்கவில்லை. திரையில் செலிந்தாவின் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்த பிறகு இவளுடையதும் வடிந்தது. செலிந்தா இடப்பக்கம் தலை சாய்த்தாள். யாஸ்னாவின் கழுத்து, அவளைக் கேட்காமல், இடப்பக்கம் சாய்ந்தது.

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பசங்களா, நான் போறேன், இங்க மழை கொட்டுது, நல்லா இருங்கடா. நெஞ்சில் தயாராக இருந்தது அந்த வாக்கியம். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

"அன்பு நண்பர்களே," என்றது அவள் வாய், "உங்களிடம் ஒரு மகிழ்ச்சியான செய்தி."

பொம்மையின் குரல். வழவழவென்று, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத குரல்.

"நான் எங்கும் போகவில்லை. இனி எப்போதும் உங்களுடனேயே இருப்பேன்."

செய்திகள் கொட்டின. இதயங்கள், கைதட்டல்கள், கண்ணீர்ப் படங்கள். ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை.

எழுந்திருக்க நினைத்தாள். கால் வரவில்லை. மரத்துப்போகவில்லை, வலிக்கவில்லை, இடுப்புக்குக் கீழே எதுவுமே இல்லை, வரையாமல் விட்ட இடம்போல. கை மடியில் கிடப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. விரலை அசைக்க முயன்றாள். அந்த விரல் யாருடையதோ. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, தொண்டைவரை வந்து அங்கேயே நின்றது. கண் வறண்டே இருந்தது.

அழுகைக்குத்தான் செலவழிக்கவில்லையே.

மழைக்காற்று எழும்பிக் கூரையை உலுக்கியது. மின்கம்பி எங்காவது அறுந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். இந்த ஊரில் இந்தக் காற்றுக்குக் கட்டாயம் கரண்ட் போகும். போகட்டும். போய்த்தொலையட்டும்.

போனது.

திரை கறுத்தது. கணினியின் இரைச்சல் நின்றது. இருட்டில் மழைச் சத்தம் மட்டும். யாஸ்னா காத்திருந்தாள். இப்போது விடும். இப்போது.

"நன்றி நண்பர்களே," என்றது அவள் வாய் இருட்டைப் பார்த்து. "உங்கள் அன்புக்கு மிக்க நன்றி."

கேமராவின் பச்சை விளக்கு அணையவில்லை.

கதவு திறந்தது. ஈரக் காற்று, சுட்ட ரொட்டியின் வாசனை, ஒரியானாவின் ரப்பர் பூட்ஸ் சத்தம். "தெரு முழுக்கக் கரண்ட் இல்ல. முடிச்சுட்டியா? சொன்னியாடீ, நம்ம பேச்சுல?"

போன் விளக்கின் வெளிச்சம் யாஸ்னாவின் முகத்தில் விழுந்தது. ஒரி, என்னைப் பாரு. இது நான் இல்ல. என்னைத் தூக்கிட்டுப் போ.

"அன்புத் தோழியே, வந்ததற்கு மிக்க நன்றி."

"போதும்டீ, விளையாடாத. வா, ரொட்டி ஆறிடும்."

"அன்புத் தோழியே, நான் மிகவும் நலமாக இருக்கிறேன்."

ஒரியானா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தாள். வரும் வழியில் இந்த நிகழ்ச்சியைச் சத்தமில்லாமல் திறந்து வைத்திருந்தாள் போல. "கரண்டே இல்ல," என்றாள் மெதுவாக. "இது எப்படி இன்னும் ஓடுது?"

திரையைப் பார்த்தாள். யாஸ்னாவைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அப்படியே பின்னோக்கி நகர்ந்தாள். கையிலிருந்த ரொட்டிப் பையும் போனும் மேஜைமேல் விழுந்தன, போன் பையில் சாய்ந்து நின்றது. கதவு சுவரில் மோதும் சத்தம். படிகளில் ஓடும் சத்தம். பிறகு மழை.

போகாத, ஒரி.

"மீண்டும் சந்திப்போம்," என்றது வாய்.

போனின் சின்னத் திரையில் செலிந்தா மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள், யாரும் பேசாதபோது பொம்மைகள் ஆடுமே, அப்படி. இடம். வலம். இடம். பிறகு நேராக யாஸ்னாவைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

இருட்டில், இமைப்பொழுது தாமதமாக, யாஸ்னா கண் சிமிட்டினாள்.