வெயில் மீதி உள்ளவர்கள்

காலையில் பல் துலக்குவதற்கு முன் காப்பைப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். எல்லோர் வீட்டு வழக்கமும் அதுதான். என் மணிக்கட்டில் இருப்பது பிறந்ததிலிருந்தே பச்சை. அப்பாவுடையது சிவப்பு. அவர் கையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கெடக்குது அம்மிணி. ஒரு கண்ணாலத்துக்குத் தாங்கும்" என்றார்.

கல்யாணம் எனக்குத்தான். மாப்பிள்ளை பரணி, எங்கள் குளிர்கூடத்தின் கீழ்மாடிக்காரர். ஈரோட்டில் இப்போது எல்லோரும் ஏதாவது ஒரு குளிர்கூடத்தில்தான் இருக்கிறோம். கல்யாணங்களும் அதன் அடித்தள ஹாலிலேயே நடந்துவிடும். பந்தல் சுவரில் ஓடும் படம். வாழைமரமும் படம். யாரோ புண்ணியவான் அதற்கு மாவிலை வாசனையையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறான்.

எனக்கு அது வேண்டாம். கூடத்து வாசலுக்கு நேர் எதிரே பொதுப்பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு புங்கமரம் இன்னும் சாகாமல் நிற்கிறது. மேளம் வேண்டாம், விருந்து வேண்டாம், மேடை வேண்டாம். விடியலில் போய் மரத்தடியில் நின்று தாலி கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றேன்.

"இருக்கிற வெயிலை இப்படியா வீணாக்குவாங்க?" என்றார் பரணியின் அம்மா. அவரைத்தான் அத்தை என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு உடம்பு ஆயுளுக்கும் இவ்வளவு சூட்டைத்தான் தாங்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அரசாங்கம் அதைச் சட்டமாக்கி, வெயில்பேறு என்று பெயரும் வைத்தது. வெளியே நிற்கிற ஒவ்வொரு கணமும் அதில் குறையும். தீர்ந்தால் காப்பு கறுத்துவிடும். கறுத்த காப்புக்கு வெளியே போக வாசற்கதவு திறக்காது, சாகும்வரை திறக்காது. ஒருவர் பேற்றை இன்னொருவருக்குக் கொடுக்கவும் வழியில்லை. வழி இருந்திருந்தால் நான் என்றைக்கோ அப்பாவுக்குக் கொடுத்திருப்பேன்.

அதனால் யாரை அழைப்பது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. யாருக்கு வெயில் மீதி இருக்கிறது என்றுதான் விசாரித்தோம். பெரியப்பா கறுப்பு. சித்திக்கு மிச்சம் உண்டு, ஆனால் அதைக் கடல் பார்க்க வைத்திருக்கிறாளாம். கடைசியில் பரணி, அத்தை, அப்பா, நான் என்று ஒரு ஆட்டோவில் அடங்குகிற கூட்டம்தான் தேறியது.

அப்பா குழந்தைவேல், சோலார் தகடு துடைக்கிறவராக இருந்தவர். சூரியத்தகடு என்பார்கள் காகிதத்தில். கூடத்தைக் குளிர்விக்கிற மின்சாரம் அதிலிருந்துதான் வருகிறது. அவர் வெளியே காய்ந்தார், நான் உள்ளே குளிரில் உட்கார்ந்து படித்தேன். அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா வேலைக்குக் கிளம்பினால் நான் வாசல் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டுவேன். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தடவைகூட வெளியே நின்றதில்லை. பூங்கா கேட்டது அதற்காகத்தான். அதை அப்பாவிடமே சொன்னேன். "பாத்துக்கலாம் சாமி" என்று எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார்.

அதன்பிறகு அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கிழக்கே பார்த்து நிற்கோணும், மரத்துக்கு இந்தப் பக்கம் நிற்கோணும் என்று ஒரே ஏற்பாடு.

"முகூர்த்தக்கால் எங்க நடறது?" என்று ஒருநாள் கேட்டார்.

"பந்தலே இல்லீங்கப்பா. காலெதுக்கு?"



கல்யாணத்தன்று விடியும்போதே கதவருகே போய் நின்றோம். பரணி கையை நீட்டினார், கதவு விட்டது. அத்தையை விட்டது. என்னையும் விட்டது. வெளியே காலை வைத்ததும் முகத்தில் அனல் அடித்தது. அப்பா கையைப் பிடிக்கத் திரும்பினேன். கதவு மூடியிருந்தது.

அப்பா முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. கையை மறுபடி மறுபடி காட்டினார். சட்டைக்கையை மேலே ஏற்றினார். காப்பு கறுப்பாக இருந்தது.

கதவோரத்து ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. "நேத்து மத்தியானம் நீ தூங்கறப்போ போயிட்டு வந்தேன் அம்மிணி. போறப்போ கொஞ்சம் செவப்பு நின்னுச்சு. தாங்கும்னுதான் நெனச்சேன்."

"எங்க போனீங்க?"

அவர் பூங்காவைக் காட்டினார். புங்கமரத்தருகே அவருடைய தகடு துடைக்கிற அலுமினியக் கோல் நின்றிருந்தது. உச்சியில் மஞ்சள் துணி. அடியில் பால் ஊற்றிய கறை.

"மண்ணு கல்லாட்டம் இருக்குது சாமி. சித்த நேரத்துல நட்டரலாம்னு போனேன். எறங்கவே மாட்டேன்னுருச்சு."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கண்ணாடியைக் கையால் அடித்தேன். "யாருக்குங்கப்பா கால் வேணும்? எனக்கு நீங்கதான வேணும்!"

"உங்கம்மாளக் கட்டறப்போ நடாம உட்டுட்டேன். படத்துப் பந்தலுக்குக் காலெதுக்குன்னு நானுந்தான் சொன்னேன். அவ போயிட்டா. உனக்கும் நடாம உட்டுட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா என்ற மனசு ஆறுமா?"

கால் நட்டால் ஆயுள் நீளும் என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. வெயிலிலேயே வெந்த மனிதர், கூடத்து வயர்களையெல்லாம் அறிந்தவர், இதை நம்பினார்.

"உள்ளயே வெச்சுக்கலாம் மாமா" என்றார் பரணி. "நாங்க வந்துடறோம்."

"வேண்டாங்க மாப்பிள்ளை." அப்பா இரண்டு கையையும் கூப்பினார். "நட்ட கால் அங்க நிக்குது. உள்ள வந்துட்டீங்கன்னா நான் செலவு பண்ணது சும்மா போயிரும். போங்க."

அதற்கு மேல் நான் எப்படி உள்ளே போவது? அவர் ஆயுளின் கடைசி வெயிலை அந்தக் கோலடியில் கொட்டியிருந்தார். போனேன். போகாமலிருக்கத்தான் ஆசைப்பட்டேன்.

மரத்தடியில் ஒரு இலைகூட அசையவில்லை. கிழக்கே பார்த்து நின்றோம். அத்தை தாலியை எடுத்துக் கொடுத்தார், பரணி கட்டினார். நான் கிழக்கைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்தேன். சூரியன் ஏறி அதில் பட்டுக் கூசியது. அப்பா நின்ற இடத்தில் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது.

திரும்பி உள்ளே வந்ததும் குளிர் உடம்பைக் கவ்வியது. அப்பா காலில் விழுந்தேன். எழுந்தபோது என் தலையில் கையை வைத்தார். வழக்கமாக ஆசீர்வாதம் பண்ணுகிறவர்கள் தொட்டுவிட்டு எடுத்துவிடுவார்கள். அப்பா எடுக்கவில்லை.

"சூடா இருக்குது சாமி" என்றார்.

என் கூந்தலில் ஏறியிருந்த வெயில். அவர் உள்ளங்கை அதன்மேல் அப்படியே படிந்திருந்தது. பரணியும் அத்தையும் ஒதுங்கி நின்றார்கள். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டு அசையாமல் நின்றேன். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் தலை குளிர்ந்துவிட்டது. அப்பா கையை எடுத்துக்கொண்டார்.