பட்டினி என்ற ஒரு வார்த்தை

"யாரோ விஷம் வெச்சுட்டாங்க, சார். என் குட்டிங்க எல்லாம் போச்சு!" துப்பறியும் அத்தானின் அறைக்குள் வந்ததும் வராததுமாகச் சொன்னார் அந்தப் பெண் ஆராய்ச்சியாளர்.

அத்தானுக்கு உதவியாக இருந்த மைத்துனன் துள்ளி எழுந்தான். குட்டிகள் என்றது நல்ல கிருமிகளை என்று தெரிந்ததும் அவன் முகம் தொங்கிவிட்டது. அத்தானோ அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எதற்கும் பதறாத அந்த முகத்தைப் பார்த்தாலே அவனுக்கு வயிறு எரியும்.

வயிற்றில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள் புதிதாக வருபவற்றுக்கு லேசில் இடம் விடாது. அப்படியும் ஒரு நல்ல கூட்டத்தை ஆராய்ச்சியாளர், பழைய கிருமிகள் நிறைந்த, குடல் போல அமைத்த கண்ணாடி ஜாடி ஒன்றில் குடியேற்றியிருந்தார். நாளை நிபுணர் குழு வருகிறது. கூட்டம் நிலைக்காவிட்டால், நோயுற்ற குழந்தைகளுக்கான மருந்து அதோடு சரி.

"பழசுங்க எப்படி இருக்கு?" என்றார் அத்தான்.

"கொழுத்துப்போய் இருக்கு."

"புதுசுக்குத் தனிச் சாப்பாடு உண்டா?"

ஆராய்ச்சியாளர் குரலைத் தாழ்த்தினார். "கடற்பாசிச் சர்க்கரை. பழசுக்குச் செரிக்காது. அதனாலதான் புதுசு பிழைச்சுது. புட்டியில உப்புத்தண்ணின்னு எழுதி வெச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது."

மூவரும் ஆய்வகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்தவர்கள் துறைத்தலைவரும், ஆராய்ச்சியாளரின் தோழியும்தான். தோழி அங்கே பல வருடமாக வேலை பார்ப்பவள்.

"விஷம் வெச்சது யாரு?" என்று மைத்துனன் முந்திக்கொண்டான்.

"அந்த ஜாடியைத் திறக்கவே எனக்குத் தெரியாதுப்பா" என்று முறைத்தார் தலைவர்.

தோழி கண்ணைத் துடைத்தாள். "பாவம், பட்டினி போட்டுக் கொல்ல யாருக்கு மனசு வந்துச்சோ!"

மைத்துனன் அத்தானின் காதில் கிசுகிசுத்தான். "தலைவர்தான், அத்தான்!"

"விஷம்னா பழசும் செத்திருக்கணுமே, மாப்ளே." அத்தான் தோழியிடம் திரும்பினார். "நாங்க விஷம்னுதானே கேட்டோம்? பட்டினின்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

 தோழி பொரிந்து தள்ளினாள். "உப்புத்தண்ணி கொழகொழன்னு இருக்குமா? அதுதான் புதுசுங்களோட சாப்பாடுன்னு அப்பவே புரிஞ்சுது. நிஜமாவே உப்புத்தண்ணியை மாத்தி ஊத்தினேன். இத்தனை வருஷம் நான் இங்க உழைக்கிறேன். நேத்து வந்தவளை எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடினா எனக்குப் பொறுக்குமா?"

ஆராய்ச்சியாளர் ஜாடியின் உட்சுவரைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். "ஒட்டிக்கிட்டுக் கொஞ்சம் உயிரோட இருக்கு!" தோழியைப் பார்க்காமலே சர்க்கரையை ஊற்றினார். "நாளைக்கு என் பக்கத்துல உன்னை நிக்கவெச்சுப் பேசணும்னு இருந்தேன்டி."

தோழியின் முகம் கருத்துப்போனது. பொறாமையில் வெந்த அந்த முகம் மைத்துனனுக்கு நன்றாகத் தெரிந்த முகம். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான்.

தெருவுக்கு வந்ததும் அவன் வாயிலிருந்து அதுவரை வராத ஒரு சொல் வந்தது.

"பிரமாதம், அத்தான்."

"என்ன மாப்ளே, உடம்பு சரியில்லையா?" என்றார் அத்தான். அன்றுதான் முதல்முறையாகப் பதறினார்.