இரையுது

கையைக் கீழே இறக்கிய பிறகும் இரைச்சல் நிற்கவில்லை.

செல்லக்கனிக்கு இது புதிது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் காதுக்குள் 'ஸ்ஸ்' என்று கிளம்பும், தலை கிறுகிறுக்கும். கையைத் தொங்கப்போட்டுச் சுவரில் சாய்ந்து மெல்ல மூச்சு விட்டால் அடங்கிவிடும். கழுத்தெலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்குகின்றன என்று மதுரை டாக்டர் படம் வரைந்தே காட்டியிருந்தார். தொராசிக் அவுட்லெட்டோ என்னவோ, வாயில் நுழையாத ஒரு பேரும் சொன்னார். அந்தச் சனியனோடு குடித்தனம் நடத்த அவளும் பழகிவிட்டாள். தலையைப் பின்னாமல் முடிந்துகொள்வாள், குடத்தை வலது இடுப்பில் வைப்பாள், உயரத்தில் இருப்பதை யாரிடமாவது எடுத்துத் தரச் சொல்வாள்.

இன்று கம்பெனியில் குழாய்த் தட்டை மேலடுக்கில் ஏற்றக் கை ஒழிந்த ஆள் இல்லை. தானே ஏற்றினாள். அதற்குப் பிறகு கை மடியில்தான் கிடக்கிறது. காது இரைந்துகொண்டே இருக்கிறது.

நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி அது. ஓடுவதற்கென்றே அறைக்கு நாலு வாசல். ராத்திரி பெய்த மழையின் புழுக்கம் இன்னும் போகவில்லை. கந்தகமும் ஈரச் சாக்கும் கலந்த வாடை தொண்டையில் வந்து உட்கார்ந்திருந்தது. எதிரே அவளுடைய மதினி ஆவுடைத்தாயும், புதிதாகச் சேர்ந்த இசைவாணியும் அட்டைக் குழாய்களில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். மதினிக்குப் பின்னால், மூலையில், மூடிபோட்ட வாளி. நேற்று மிஞ்சிய மருந்து. மிச்சத்தை ராத்திரி வைக்கக் கூடாது. சீசன் அவசரத்தில் போர்மேன் சண்முகவேல், "காலையில பாத்துக்கிடலாம்" என்று போய்விட்டார்.

ஈரம் பட்டு நீர்த்துப்போன மருந்து தீப்பிடிக்கும் முன்னால் மூத்திர நெடி அடித்து, 'ஸ்ஸ்' என்று சத்தம் போடும். அதற்கு இங்கே ஒரே வார்த்தைதான். இரையுது. அதைக் கேட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும்.

போன மாதம் தலை கிறுகிறுத்து உட்கார்ந்தபோது, "யாத்தே, இரையுதே" என்று முனகிவிட்டாள். காதைத்தான் சொன்னாள். அத்தனை பேரும் ஓட்டம் பிடித்தார்கள். கூட வேலை பார்த்த அழகுமீனா விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ அந்தச் சொல்லச் சும்மா சொன்னே, கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்" என்று சண்முகவேல் கத்தினார். அன்றிலிருந்து கம்பெனியில் அதுவே கேலி. பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே, "என்ன கனி, இரையுதா?"

இப்போது சத்தம் கொஞ்சம் தடித்தது. மூத்திரம் போல ஒரு நெடி மூக்கில் ஏறியது. பின்னால் கழிப்பறை இருக்கிறது, காற்று திரும்பினால் வரும். வரும்தான். ஆனால் எந்த வாசலிலும் காற்றே இல்லை.

"மதினி."

"என்னளா?"

"ஒனக்கு... ஏதும் கேக்குதா?"

ஆவுடைத்தாய் நிமிரவே இல்லை. "ஒங் காதுக்குள்ள பாடுறது எனக்கெப்படிக் கேக்கும்?"

இசைவாணி களுக்கென்று சிரித்தாள். அந்த வார்த்தை செல்லக்கனியின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்?

"தண்ணி குடிச்சிட்டு வாரேன்."

எழுந்ததும் தரை சாய்ந்தது. வாசல் நிலையைப் பிடித்தாள், கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தினாள், தூரத்துத் தண்ணீர்த் தொட்டி. அதையே பார்த்து நடந்தாள். அடிவைக்க அடிவைக்க இரைச்சல் மெலிந்தது. அப்பாடா, அடங்குகிறது, காதுதான், வேறொன்றுமில்லை. தொட்டியைத் தொட்டபோது சுத்தமாக நின்றுவிட்டது. எங்கோ ஒரு காக்கா. குழாய் சொட்டும் சத்தம்.

தண்ணீரை அள்ளிய கை அப்படியே நின்றது.

காதிரைச்சல் கூடவே வரும். பஸ்ஸில் வரும், பாயில் வரும், கோயிலுக்கும் வரும். கொஞ்சம் தள்ளி நடந்ததற்காக அவளை விட்டதே கிடையாது.

இது கூட வரவில்லை. அறையிலேயே இருந்துவிட்டது.

"மதினி!" திரும்பி ஓடினாள். தலை சுற்றியது. முழங்கால் மடங்கி மண்ணில் விழுந்தாள். எழ முடியவில்லை. "இரையுது! மதினி, இரையுது! ஓடியாங்க!"

அறைக்குள் சிரிப்பு வெடித்தது.

ஆவுடைத்தாய் வாசலுக்கே வந்துவிட்டாள். "ஐயய்யோ, எனக்கும் இரையுதே!" காதைப் பொத்தி, கண்ணைச் செருகி, தள்ளாடிக் காட்டினாள். இசைவாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"காதில்ல! வாளி! வாளி மதினி!"

சிரிப்பில் அது கேட்கவில்லை. பின்வாசல் வெளிச்சத்தில், வாளியின் மூடிக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை கிளம்பிச் சுவரோடு ஏறியது.

மருந்து படிந்த விரலால் கண்ணோரத்துச் சிரிப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, ஆவுடைத்தாய் உள்ளே போய், வாளிக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.