கூடுவாஞ்சேரி மேலே மூன்று சுற்று

"இந்த பெல்ட்டு எவ இடுப்புக்கு இறுக்கி வச்சது? சொல்லுய்யா!"

"அது கிளப்பு ப்ளேன்டி! தெனம் பத்து பேரு..."

"பத்தும் பொம்பளையா?"

"...ஓட்டிகினு போவாங்கன்னு சொல்ல வந்தா, நடுவுல பூந்து..."

"எனக்கு மூச்சு முட்டுது! அந்த ஞானம்மா இடுப்புக்கு அளவெடுத்த மாதிரி கீது!"

படக்கென்று பெல்ட்டைக் கழற்றிப் போட்டாள் சாமுண்டீஸ்வரி.

தரையிலிருந்து இரண்டாயிரம் அடி உயரத்தில் இந்தச் சண்டை!

1993 நவம்பர். மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மீனம்பாக்கத்தில் கிளம்பிய அந்தக் குட்டி விமானத்தில் மொத்தமே இரண்டு இருக்கைகள். ஓட்டுகிறவன் துளசிங்கம். கோவிலம்பாக்கத்துப் பரம்பரை வயலை மனை போட்டு விற்று, அதையே தொழிலாக்கிக்கொண்டவன். பொழுதுபோக்காக விமானம் ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கிவிட்டான்.

பக்கத்தில் மனைவி. முதல் தடவையாக ஆகாயத்தில். பயம் இருந்தது. பொறாமை அதைவிடப் பெரிதாக இருந்தது!

ஞானம்மாள், துளசிங்கத்தின் ஆபீஸ் டைப்பிஸ்ட். இரண்டு மாதமாக ஆளைக் காணோம்.

"அவ எவனோடயோ ஓடிப்பூட்டா. ஊருக்கே தெரியும்" என்றான், ஹெட்போன் மைக்கில்.

"எனக்குத் தெரியாதே! எங்க வச்சிகினு கீற?"

"காலங்காத்தால பேஜார் பண்ணாத. கீழ பாரு, திருநீர்மலை. கும்புட்டுக்கோ."

கும்பிட்டாள்.

"ரங்கநாதா! இந்தாளு வாயில இன்னிக்காவது உண்மை வரணும்!"

துளசிங்கம் பல்லைக் கடித்தான்.

"கூடுவாஞ்சேரில எங்கக்கா கிளியம்மா, மாடில துணி காயப்போடறப்ப பாத்துச்சாம். ஞாயித்துக்கெழமையானா சேப்பு வாலு வச்ச ப்ளேன் வந்து மூணு சுத்து சுத்துதாம். றெக்கைய சாச்சி சாச்சி பாக்குதாம்! யாரைய்யா பாக்கற?"

"ஓட்டப் பழகறவன் சுத்தத்தான் செய்வான்."

"பழக வானம் பூரா கீதே! எந்த வூட்டு மாடில நின்னுகினு உனக்கு டாட்டா காட்டறா?"

"அங்க வூடே கெடையாது! நம்ம லேஅவுட்டு. வெறும் எல்லைக்கல்லு!"

"கல்லைப் பாக்கவா வாராவாரம் பெட்ரோல் ஊத்திகினு போற? அங்க வுடு வண்டிய. நானும் பாக்கறேன்!"

"முடியாது. திரும்பறோம்."

"திரும்புவியா நீ?"

அவள் முன்னாலும் அவனுடையதைப் போலவே ஒரு ஸ்டியரிங் இருந்தது. இரண்டு கையாலும் இறுகப் பிடித்து இழுத்தாள்!

விமானத்தின் மூக்கு விர்ரென்று மேலெழுந்தது. எச்சரிக்கை ஒலி வீறிட்டது!

"விடுடி! செத்துடுவோம்!"

"ரெண்டு பேரும் சாவலாம். அவ தனியா குந்திகினு அழுவட்டும்! எங்க அவ?"

"விடு!"

"எங்க?"

"மண்ணுக்குள்ள!"

"...இன்னா சொன்ன?"

"ஞானம்மா செத்துப்பூட்டா! நான்தான் கழுத்தை நெரிச்சேன். கூடுவாஞ்சேரி லேஅவுட்ல, கெணத்துக்குப் பக்கத்து ப்ளாட்ல பொதைச்சேன். மழை மண்ணை அரிச்சுடுச்சான்னுதான் வாராவாரம் மேலேர்ந்து பாக்கறேன். நடந்து போனா எவனாவது கேப்பான். போதுமா?"

"எ... எதுக்குய்யா?"

"உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்னு மெரட்னா!"



"அப்டின்னா... இருந்துச்சு! உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நெசமாவே இருந்துச்சு!"

"ஏய், கொலை பண்ணேன்னு சொல்றேன்..."

"எத்தினி மாசமா?"



ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள் அவள். அவன் விமானத்தைச் சமன் செய்தான். மூச்சை இழுத்து விட்டான்.

பிறகு... புன்னகைத்தான்!

பெல்ட் இல்லாத அவள் மடிக்குக் குறுக்கே நீண்டது அவன் கை. கதவின் கைப்பிடியைத் தொட்டது.

"மொத தடவை ப்ளேன்ல வர்றவங்க பயந்துபோய் கதவைத் தொறந்துடறாங்க, சாமுண்டி. எவ்ளோ சொன்னாலும் கேக்கறதில்ல..."

க்ளிக்!

ஊளையிட்டபடி உள்ளே புகுந்தது காற்று. "அய்யோ!" என்று அலறி அவன் கையைப் பற்றினாள்.

அதே நொடி, இருவர் ஹெட்போனிலும் ஒரு கரகரப்பு.

துளசிங்கத்தின் பார்வை அவள் பக்கத்து ஸ்டியரிங்கில் குத்திட்டு நின்றது. அதில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்திக்கொண்டிருக்கும் வரை, ஹெட்போனில் பேசும் பேச்செல்லாம் தரைக்குப் போகும். தரையிலிருந்து எதுவும் மேலே வராது. சாமுண்டீஸ்வரிக்கு அது தெரியாது. ஸ்டியரிங்கை இழுத்தபோது அவள் கட்டைவிரல் அதன் மேல்தான் இருந்தது... விடும் வரைக்கும்!

மீனம்பாக்கத்தில், கிளப்பின் ரேடியோ அறையில், பயிற்சியாளர் கேசவன் மைக்கை அருகே இழுத்துக்கொண்டார்.

"துளசிங்கம் சார், கேசவன் பேசறேன். எல்லாம் தெளிவா கேட்டுச்சு. மேடத்தைப் பத்திரமா கொண்டு வந்து இறக்குங்க... அப்புறம் சார், போலீஸ்ல அட்ரஸ் கேப்பாங்க, கெணத்துக்குக் கிழக்கு ப்ளாட்டா, மேற்கு ப்ளாட்டா?"