விட்ட இடம்

குழாய்த் தண்ணீர்தான் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது. கரமனை ஸ்டூடியோவின் இருட்டறையில் ஒன்பது வருஷமாகப் படம் கழுவுகிற தாசம்மாளுக்கு மருந்துகளின் நெடியெல்லாம் பழக்கம். இது அதில்லை. ஆற்றில் ஓடும் வள்ளத்தில் களிமண் ஏற்றிவிட்டு வீடு திரும்பும்போது அவள் புருஷன் வேலாயுதன் உடம்பில் வருமே, அந்த வாடை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், அறுபத்தொன்றாம் வருஷத்து மழையில், கூரை ஓட்டுக் கம்பெனியின் மண் வள்ளத்தோடு ஆற்றில் போனவன். உடலும் கிடைக்கவில்லை; பார்த்து அழ ஒரு படமும் இல்லை. முகம் அவளுக்கே மறந்துகொண்டு வந்தது, பாவம். இந்த மாசம் மகன் இசக்கியும் மண் வள்ளத்தில் ஏறிவிட்டான்.

கம்பெனி ஆட்களை ஆற்றங்கரையில் நிறுத்தி வருஷப் படம் எடுத்தபோது, ஸ்டூடியோக்காரர் திரவியத்திடம் கெஞ்சினாள்.

“அண்ணாச்சி, எம் மவன் பக்கத்துல ஒரு ஆளு நிக்க இடம் விட்டு எடுங்க. அவிய சாடைய நான் சொல்லுதேன், வரைஞ்சு சேத்துருங்க.”

செத்தவர்களை அப்படிச் சேர்த்துக் கொடுப்பது அங்கே வழக்கம்தான். “அவன் கறுப்புக்கு எனக்க மை பத்தாதே, பிள்ளே” என்று சிரித்தபடி அவரும் இடம் விட்டார்.

இன்று மத்தியானம், சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தட்டில் அந்தப் படம் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. முதலில் கம்பெனியின் புகைபோக்கி, பிறகு ஓடு அடுக்கிய கொட்டகை, தலைப்பாகைகள், இசக்கியின் கூச்சச் சிரிப்பு. அவன் பக்கத்தில், விட்ட இடத்தில், ஓர் ஆள்.

“அதுக்குள்ள வரைஞ்சாச்சா, அண்ணாச்சி?”

“எந்தா சொல்லுக? நான் பென்சிலே தொடல்லியே” என்றார் பக்கத்தில் நின்ற திரவியம்.

வேலாயுதன். ஒடிந்த முன்பல்கூட இருந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகுதான் பார்த்தாள்: எல்லார் காலடியிலும் காய்ந்த மண். அவன் காலடியில் மட்டும் ஈரம்.

திரவியம் படத்தை இடுக்கியால் தூக்கிப் பார்த்தார். “பிளேட்டுல கறையாட்டு இருக்கும். இன்னொண்ணு போட்டுப் பாப்பம்.”

இரண்டாவது படம். அவன் கை இசக்கியின் தோளில். இசக்கி சிரிக்கவில்லை.

காலையில் வள்ளமேறிப் போன பிள்ளை.

“அவன விட்டுருங்க” என்றாள் தட்டைப் பார்த்து. “இடம் விடச் சொன்னது நான்லா. நான் வாறேன்.”

குழாயை யாரும் மூடவில்லை. தண்ணீர் நின்றுவிட்டது.

“இன்னும் ஒண்ணு, அண்ணாச்சி. ஒரே ஒண்ணு.”

மூன்றாவது தாள். புகைபோக்கி. கொட்டகை. தலைப்பாகைகள்.

வரிசையில் இரண்டு ஆள் நிற்கும் இடம் காலி.

அங்கிருந்து ஆற்றுக்குள் இறங்கிப் போகும் காலடிகள். ஒரு ஜோடி, முன்னே, நிதானமாக. பின்னே இன்னொரு ஜோடி: மண்ணில் குதிகால் ஊன்றி, ஊன்றி, இழுபட்டு.