காயாத பிடிமண்

ஆரப்பாளையத்தில் நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜில் பேய் நடமாடும் ரூம் இருக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். மூட்டைப்பூச்சி நடமாடும் ரூம்தான் இருக்கிறது, வேண்டுமா என்பேன். அப்படிப்பட்ட ஆள் நான். பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பால்பாண்டி எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஏப்ரல் மாதம். மழை அடியோடு பொய்த்திருந்தது. என் மனைவி அன்னக்கொடியின் தம்பி சோணை, ஜெர்மனியில் இன்ஜினியரிங் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தவன், லீவுக்கு வந்தான். ரயிலை விட்டு இறங்கி நேரே லாட்ஜுக்கு வந்தவனைக் குளித்துச் சாப்பிட வைத்து, உசிலம்பட்டி பஸ்ஸில் ஏற்றி, நானும் கூடவே போனேன்.

பெட்டியை பஸ் கூரையில் போட்டுவிட்டான். ஒரு பிஸ்கட் டின்னை மட்டும் மடியிலேயே வைத்திருந்தான்.

"என்ன மாப்ள, தங்கமா?"

"தாத்தா, மச்சான்" என்றான்.

விஷயம் எனக்குத் தெரியும். என் மாமியார் முருகம்மாளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவருடைய அப்பா மொக்கையன் பட்டாளத்தில் சேர்ந்து போனார். இத்தாலியில் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் ஜெர்மன்காரர்களோடு நடந்த சண்டையில் செத்துப்போனார். ஊருக்கு உடம்பு வரவில்லை. எங்கள் பக்கம் சாமியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அழைத்துப் போவதென்றால் அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து வருவார்கள். மண் வந்தால் சாமியும் வந்துவிடும். அயலூரில் மாண்டவர்களையும் அப்படித்தான் வீட்டுக்கு அழைப்பது. மகன் வெளிநாடு போகிறான் என்றதும் அத்தை கேட்டது அந்த ஒன்றைத்தான். "எங்கய்யா மூஞ்சி கூட எனக்கு ஞாபகம் இல்லடா. ஒரு பிடி மண்ணாச்சும் கொண்டாந்து குடு."

பஸ்ஸில் சோணை அவனுடைய அங்கத்திய பிழைப்பைச் சொல்லிக்கொண்டு வந்தான். மாடியில் பத்துப் பையன்களுக்கு ஒரே சமையலறை, அதன் சுவரில்தான் போனும் இருக்கிறதாம். இவன் கடுகு தாளித்தால் துருக்கிக்காரன் தட்டோடு வந்து நிற்பான், பக்கத்து ரூம்காரன் ஜன்னலைத் திறந்து வைத்துத் திட்டுவான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ரொட்டியும் அவித்த முட்டையும் பையில் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு ஊருக்கு ரயிலேறிவிடுவார்கள். ராத்திரி ரயிலிலேயே தூங்கிவிட்டால் ரூம் வாடகை மிச்சம். லாட்ஜ் நடத்துகிற எனக்கு அந்தப் பேச்சு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அப்படி ஒரு சனி ஞாயிறில்தான் இத்தாலிக்குப் போயிருக்கிறான். நம் பட்டாளத்தாருக்கு அங்கே நினைவிடம் இருந்தது. ஆனால் எரித்துவிட்டதால் தாத்தாவுக்குக் குழி இல்லை. கல்லில் பெயர் மட்டும் வெட்டியிருந்தது. கல்லைச் சுற்றிலும் சிமென்ட் தரை. மண்ணுக்கு எங்கே போவது? காவல்காரக் கிழவரிடம் சைகையில் கேட்டிருக்கிறான். அவர் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். இவன் மழையில் நனைந்துகொண்டே போய், 'வா தாத்தா, வீட்டுக்குப் போவோம்' என்று சொல்லிக் கரையில் ஒரு பிடி அள்ளியிருக்கிறான்.

"ஒண்ணுதான் மச்சான் புரியல. எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் காயல."

டின் மூடியைத் திறந்தான். அனல் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கறுப்புச் சேறு, இப்போதுதான் மழை பெய்து ஓய்ந்ததுபோல. அழுகிய இலை வாடை. அதோடு துருப்பிடித்த இரும்பு வாடையும்.

"மூடியே வச்சா எப்படிக் காயும்? மூடு" என்றேன்.

அத்தை தெருமுனைக்கே வந்து நின்றிருந்தார். தாங்கித் தாங்கி நடப்பார். மண்வெட்டி பட்டு வலது காலில் சுண்டுவிரல் போய்விட்டது. கூலி வேலைக்குப் போய் மகனைப் படிக்க வைத்த காலத்தில் நடந்தது அது. மகனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, எப்போதும் கேட்பதைத்தான் முதலில் கேட்டார்.

"அங்க எம்புட்டுக் குளிருடா?"

"வாயத் தொறந்தா புகை வரும் ஆத்தா. நீயே வந்து பாரேன்."

"ஆமா, நான் எங்கிட்டு வர!" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலை மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் மண்ணை வைத்து, மேலே ஒரு கல்லை ஊன்றிப் பொங்கல் வைத்தோம். அத்தை கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, "வந்துட்டியா அய்யா" என்று விம்மினார். பசு கயிற்றை அறுத்துக்கொள்கிற மாதிரி பின்வாங்கியது. வாசலில் பொங்கல் புகையைக் கண்டு மிரள்கிறது என்று நான்தான் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

அடுத்த வாரம் லாட்ஜ் போனுக்கு சோணை பேசினான். "அக்காவக் கூட்டிக்கிட்டு வாங்க மச்சான். ஆத்தா சரியில்ல."

நாங்கள் போய் இறங்கியபோது உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ராத்திரியைவிட உச்சிப்பொழுதுக்குத்தான் பயப்படுவார்கள். வாசலிலிருந்து வீட்டுக்குள் ஈரத்தடம் போயிருந்தது.

பூட்ஸ் தடம். கறுப்புச் சேறு.

"யாருடா பூட்ஸோட உள்ள போனது?"

சோணைக்கு முகம் வெளிறிக் கிடந்தது. வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டுக் கதவைத் தள்ளினான்.

உள்ளே இருட்டு. கால் வைத்ததும் குளிர் முழங்கால் வரை ஏறியது. கொடைக்கானலில் மார்கழியில் ஒரு தடவை தங்கியிருக்கிறேன். அந்தக் குளிர். கட்டிலில் அத்தை இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக ஒடுங்கிப் படுத்திருந்தார். ஒரே வாரத்தில் பாதியாகிவிட்டார்.

"வாங்க தம்பி" என்றார்.

அவர் வாயிலிருந்து புகை வந்தது.

அன்னக்கொடி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன். அத்தைக்கு முன்னால் கட்டிலில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் கம்பளி மேடாக இருந்தது. மேடு மெல்ல ஏறி இறங்கியது.

அத்தையின் கை அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

மேட்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. ஆண் குரல். மீசை முளைக்காத வயதுக் குரல்.

"முட்டர்... மீர் இஸ்ட் கால்ட்."

நான் வெளியே எப்படி வந்தேன் என்று தெரியாது. வெயிலில் நின்றும் பல் தந்தியடித்தது. சோணை என் பின்னால் வந்தான்.

"என்ன பாஷைடா அது?"

"ஜெர்மன். 'அம்மா, குளிருது'ங்குறான்." அவன் அழுதான். "அந்தக் கரையில நம்ம தாத்தா மட்டுமா விழுந்தாரு மச்சான்? நான் வான்னு கூப்பிட்டேன். எவனோ வந்துட்டான். அவன் குளிர் போறதுக்கு ஆத்தா சூட்டக் குடிக்கிறான். எம்புட்டு நாளைக்கு அவ உடம்பு தாங்கும்?"

"உங்காத்தாகிட்ட சொல்ல வேண்டியதுதான? அது அவுக அப்பா இல்லன்னு?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"முதல் நாளே தெரியுமாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயத்தையும் மறந்து உள்ளே போனேன். அத்தையிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரே தடவைதான். "யாரு பெத்த புள்ளையோ, அதுக்காக நீங்க சாவீங்களா? உங்க அப்பாவச் சுட்டவனே இவனா இருந்தா?"

அத்தை கோபப்படவில்லை.

"எங்கய்யா இவனச் சுட்டுருந்தா?" என்று திருப்பிக் கேட்டார். "இவனும் வீடு போய்ச் சேரலயே தம்பி. அம்மா அம்மாங்குறான். சின்னப் பய. போடான்னு எப்படிச் சொல்ல?"

கம்பளிக்கு அடியில் அழுகை அடங்கியது.

பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. சோணை திரும்பிப் போக வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. "எடுத்த இடத்துலயே கொண்டுபோய்க் கொட்டிரு மாப்ள" என்றேன். அவனும் அதைத்தான் நினைத்திருந்தான். கிளம்புகிற அன்று காலை, அத்தை கண்ணயர்ந்த நேரத்தில் கல்லைப் பிடுங்கி மண்ணைச் சுரண்டி டின்னில் அடைத்தோம். என் விரல் நகமெல்லாம் மரத்துப்போனது. இன்றைக்குக் கேட்டாலும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். பெற்ற தாயைக் காப்பாற்ற அவன் வேறு என்னதான் செய்வான்?

சோணை போனதும் அத்தை தேறிவிட்டார். கம்பளியைத் தூக்கி வெயிலில் போட்டார், கஞ்சி குடித்தார், மாட்டைக் குளிப்பாட்டினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அன்னக்கொடிக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஆத்தா தொழுவத்துப் பக்கமே உக்காந்திருக்கு. 'அம்புட்டுக் குளிர்ல அவனக் கொண்டுபோய் விடப் போறானே'ன்னு புலம்புது" என்றாள்.

அந்த சனி ஞாயிறில் இத்தாலிக்குப் போய்க் கொட்டிவிடுவதாக சோணை சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குத் துணையாக இருக்கலாம் என்று நானும் அன்னக்கொடியும் உசிலம்பட்டி போனோம்.

மறுபடியும் உச்சி வெயில்.

தெருப் புழுதியில் ஈரத்தடம்.

பூட்ஸ் தடம் பஸ் ரோட்டிலிருந்து வந்து வீட்டுக்குள் போயிருந்தது. அத்தை கட்டிலில் படுத்திருந்தார். முகத்தில் ஒரு நோவும் இல்லை. தொட்டுப் பார்த்த அன்னக்கொடி வீறிட்டு அலறினாள். ஆற்றுத் தண்ணீரில் கிடந்த கல்லைப்போல உடம்பு சில்லிட்டிருந்தது.

ஆட்களைக் கூப்பிட வாசலுக்கு ஓடிவந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்குள் வந்த தடம் திரும்பியும் போயிருந்தது. போகும்போது பூட்ஸ் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம். வெறுங்கால், சின்னக் கால். அதுவும் ஈரம்.

வலது காலில் நான்கு விரல்.

ஒன்றையொன்று ஒட்டியே இரண்டு தடங்களும் பஸ் ரோடு வரை போயிருந்தன. அதற்குமேல் தார்.

ஊர் ஜனம் வருவதற்குள் நான் காலால் புழுதியைத் தள்ளி எல்லாவற்றையும் மூடினேன். அன்னக்கொடியிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அடக்கம் செய்தோம். பிற்பகலில் நான் லாட்ஜுக்கு வந்தேன். அங்கே இருந்தால்தான் சோணைக்குத் தந்தி எழுத மனசு வரும்போல இருந்தது. எழுத உட்கார்ந்தேன். போன் அடித்தது. வெளிநாட்டு கால் என்று எக்ஸ்சேஞ்சில் சொன்னார்கள்.

"மச்சான், ஆத்தா நல்லாருக்காளா?" எடுத்ததும் அதைத்தான் கேட்டான்.

"நீ போன காரியம் என்னாச்சு?" என்றேன்.

"நேத்துக் காலையில மண்ண ஆத்துக்குள்ள கொட்டிட்டேன். ராத்திரி ரயிலப் புடிச்சு இப்பத்தான் ரூமுக்கு வாரேன். மச்சான்..." குரலைத் தாழ்த்தினான். "மாடிப்படி பூரா சேறு. என் ரூம் கதவு வரைக்கும் பூட்ஸ் தடம். நான் சமையலறைக்குள்ள ஓடியாந்து கதவச் சாத்திக்கிட்டுப் பேசுறேன். அவன் போகல மச்சான்."

தந்தி எழுத எடுத்த தாளைக் கசக்கினேன்.

"அவன் மட்டுமில்ல. பக்கத்துலயே வெறுங்கால் தடம். அதுல..."

அவன் விசும்பும் சத்தம் கடல் தாண்டி வந்தது.

"அதுல வலது காலு... மச்சான், உண்மையச் சொல்லுங்க. ஆத்தா எங்க?"

"மாப்ள..."

"கதவுக்கு வெளிய நிக்கிறாங்க. கேக்குதா உங்களுக்கு? மெதுவாத் தட்டுறாங்க."

கேட்டது. ஒவ்வொரு தட்டும் என் காதுக்குள் விழுந்தது.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஓடிவிடு என்றிருக்கலாம். சாமி பேரைச் சொல் என்றிருக்கலாம். எனக்கு ஞாபகம் வந்தது அத்தையின் வெறுங்காலும் அந்த ஊர்க் குளிரும்தான்.

"திறந்து விடு மாப்ள" என்றேன். அழுகை வந்துவிட்டது. "உங்காத்தாதான். திறந்து விடு."

ரிசீவர் சுவரில் மோதும் சத்தம். தாழ்ப்பாள் விலகியது. கதவு கிறீச்சிட்டது. பூட்ஸ் காலடி ஒன்று உள்ளே விழுந்தது.

என் காதில் ஒட்டியிருந்த ரிசீவர் சில்லிட்டது. அதன் ஓட்டைகளிலிருந்து மெல்லிய புகை கசிந்தது.

"ஆத்தாடி, எம்புட்டுக் குளிருடா இங்க!" என்று அத்தையின் குரல் சிரித்தது.