ஆளில்லாத வீட்டில் ஐந்து பேர்

நைரி டல்லக்கின் காரைப் பின்னால் எடுக்கும்போது, பக்கத்து வீட்டு ரோனா கன்னின் தபால் பெட்டியைப் படுக்கவைத்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆனால் அதில் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் தலையில் மிச்சமிருக்கும் முடியை. நியூசிலாந்தின் டனீடன் நகரப் பேருந்தைப் பல வருடம் ஓட்டியவன் நான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பேருந்துக்காரர்களும் கடைசியில் நம்பவில்லை.

நசுங்கிய தகரப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரோனா எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டார். என்னைப் பற்றியும் என் கண்களைப் பற்றியும், என்னைப் பெற்றவர்களைப் பற்றியும் அவர் சொன்னதில் பாதி நியாயமாகவே இருந்தது. நடுவில் பெட்டியை மேசைமேல் ஓங்கி வைத்தார். அதன் கிழிசல் வழியே ஒரு கடிதம் வெளியே விழுந்தது. பிரித்துப் படித்தவர், என்னைத் திட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தார். திட்டுக்கு இல்லை, அதற்குத்தான் நான் பயந்தேன்.

நைரி கையை நீட்டினார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வாழ்நாள் முழுக்கப் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்த பெண்மணி அவர். தானாக எரிந்த கடையையும் எரிக்கப்பட்ட கடையையும் வாசனையிலேயே பிரித்துவிடுவார் என்பார்கள். நான் அவர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருப்பவன். உதவியாளன் என்ற பதவியை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். அவர் இன்னும் மறுக்கவில்லை.

கடிதம் வழக்கறிஞர் சோமர்வில்லிடமிருந்து வந்திருந்தது. விஷயம் இதுதான். ரோனாவின் கணவர் ஆலிஸ்டர் இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். ரோனா அந்த வீட்டில் குடியிருக்கும்வரை வீடு அவருக்கு. காலி செய்துவிட்டு வேறெங்காவது போய்விட்டால், முதல் மனைவியின் மகன் கிரெய்க்குக்கு. உயில் அப்படி. குளிர்காலம் முழுக்க வீட்டில் ஆளே இல்லை என்று கிரெய்க் இப்போது ஆதாரம் கொடுத்திருக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

"குளிர்காலம் முழுக்க எங்க இருந்தீங்க?" என்று நைரி கேட்டார்.

"என் வீட்ல."

"மோஸ்கீல்ல தங்கச்சி வீட்ல இருந்ததா கிரெய்க் சொல்றார்."

"அவன் சொல்றதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டிருந்தா எனக்குத் தலை நரைச்சிருக்கும்."

அவர் தலை பஞ்சாக வெளுத்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தபால் பெட்டி விஷயத்தில் என் நிலைமை அப்படி.

கிரெய்க்கின் ஆதாரம் ஒரு தெர்மோஸ்டாட். அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் அவனே வந்து, முன்கதவுக்குப் பக்கத்தில், ஹால் சுவரில் மாட்டிவிட்டுப் போன பரிசு. வீட்டில் ஆள் நடமாட்டத்தைக் கவனிக்கும். யார் எப்போது இருக்கிறார்கள், எப்போது வெளியே போகிறார்கள் என்று பழகிக்கொள்ளும். ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் சூடேற்றியை ஓடவிடும். அது பழகிக்கொண்ட கணக்கெல்லாம் கிரெய்க்கின் போனுக்குப் போனது. அந்தக் கணக்குப்படி, எங்கள் ஊரில் குளிர் தொடங்கும் ஜூன் முதல் வீடு வெறும் வீடு. சில சனிக்கிழமை மதியங்களில் மட்டும் யாரோ கொஞ்ச நேரம் இருந்திருக்கிறார்கள். ரோனா தபால் எடுக்க வந்து போன நேரம் அது என்பது கிரெய்க்கின் விளக்கம்.

மறுநாள் ரோனாவின் வீட்டுக்குப் போனோம். எல்லாரையும்போல் கொல்லைக் கதவு வழியாகத்தான். பள்ளத்தாக்கில் வெயில் படாத பக்கமாக இருந்த வீடு அது. சமையலறையில் விறகுக் கணப்பு எரிந்தது. அதற்கு மேலே கயிற்றில் துணிகள் காய்ந்தன. குளியலறையும் கழிப்பறையும் கொல்லைத் தாழ்வாரத்தில். ஹாலுக்குப் போகும் கதவு சாத்தியிருந்தது. அதன் அடியில் காற்று நுழையாமல் இருக்க, மணல் அடைத்துத் தைத்த துணிப் பாம்பு ஒன்று கிடந்தது.

"உங்களுக்குக் குளிரலையா?" என்று கேட்டேன்.

"ஒரு ஸ்வெட்டர் போட்டா போதும்." அவர் மூன்று போட்டிருந்தார்.

கணப்பை ஒட்டியிருந்த சோபாவில் கம்பளிகள் மடித்துக் கிடந்தன. தலையணையில் ஒரு பள்ளம். கம்பளிக்கு அடியிலிருந்து வெந்நீர்ப் பையின் மூக்கு எட்டிப் பார்த்தது. அதெல்லாம் பூனைக்கு என்றார் ரோனா. பூனைக்கு எதற்கு வெந்நீர்ப் பை என்று கேட்டேன். வயசான பூனை என்றார். அவர் தூங்குவது முன்பக்கப் படுக்கையறையில், மனுஷர்கள் தூங்குகிற இடத்தில். வழக்கறிஞரிடமும் போனில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, பூனையைப் பார்த்தார். பார்த்ததும் அதன்மேல் இருந்த பழைய கோபம் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

"சனிக்கிழமையானா போதும், இந்தக் கழுதை பாம்பை இழுத்துத் தள்ளிடும். நான் ரக்பி கிளப்புல சீஸ் ரோல் சுருட்டிட்டு வந்து பார்த்தா அது சுவரோரமா கிடக்கும்."

பாம்பைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கால் கனம் இருந்தது. கால்தான் அது. ஆலிஸ்டரின் பழுப்புக் கார்டுராய் பேண்ட்டில் ஒரு காலை வெட்டி, அடக்கம் முடிந்த அடுத்த வாரம் தைத்ததாம். மனுஷர் ஒரு காலையாவது விட்டுவிட்டுப் போனாரே என்றார் ரோனா. சிரிக்கலாமா என்று நைரியைப் பார்த்தேன். அவர் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எழுந்து நடக்கவே யோசிக்கும் பூனை.

பாம்பை நகர்த்திவிட்டு ஹாலுக்குள் போனேன். கசாப்புக் கடையின் குளிர் அறை தேவலை. தெர்மோஸ்டாட் என்னைக் கண்டதும் திரையை ஒளிரவிட்டது. சூட்டைக் கூட்டலாம் என்று தொட்டால், ரகசிய எண் கேட்டது. முன்கதவையும் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. ஆலிஸ்டரின் சவப்பெட்டி வெளியே போன பிறகு அதைத் திறந்ததே இல்லை என்று ரோனா சொல்லியிருந்தார். இறுகிப்போயிருக்கும் என்று இரண்டு கையாலும் பலமாக இழுத்தேன். கதவு வெண்ணெய்போல் வந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நைரி என்னை எழுப்பவில்லை. கீலில் உரசி என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறையை மட்டும் பார்த்தார்.

திரும்பும் வழியில் என் முடிவை அறிவித்தேன்: இயந்திரம் பழுது. நைரி இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இயந்திரம் பொய் சொல்லலை, டங்கன். அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுது. பொய் சொன்னது ரெண்டு பேர். ஒருத்தர் வீட்டைப் பிடுங்கறதுக்கு. இன்னொருத்தர் எதுக்குப் பொய் சொன்னாங்கன்னு அவங்களுக்கே தெரியாது."

யார் அந்த இன்னொருத்தர் என்று கேட்டதற்கு, சட்டையை எந்த சோப்பில் துவைக்கப் போகிறாய் என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லாரையும் ரோனாவின் சமையலறைக்கே வரச் சொல்லியிருந்தார். அதற்கு முன் எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பாம்பை எடுத்து எங்கள் வீட்டில் ஒளித்துவைத்து, அதன் இடத்தில் ஒரு துண்டைச் சுருட்டிப் போடுவது. இரண்டாவது, வாசலில் நின்று வருகிறவர்களைக் கொல்லைப்புறம் அனுப்புவது. காரணம் சொல்லவில்லை. சொன்னால் நான் அதைத் தெருவுக்கே சொல்லிவிடுவேன் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

சோமர்வில் சொன்னபடி கேட்டு நடந்தார். கிரெய்க் காரிலிருந்து இறங்கினதும் நேராக முன்படிக்குப் போனான். கை சட்டைப் பையில் இருந்தது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"பஸ்ஸை ஏரிக்குள்ள விட்ட டங்கன்தானே நீ?" என்றான்.

"ஏரி இல்ல. வாத்துக் குளம்."

உள்ளே ரோனா சோபாவைத் துடைத்துவைத்தாற்போல் ஆக்கியிருந்தார். கம்பளி, தலையணை எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும் நைரியின் முகம் லேசாக விழுந்தது. ஆனாலும் தேநீர் ஊற்றினார், சீஸ் ரோல் பரிமாறினார், மழையைப் பற்றியும் ரக்பியைப் பற்றியும் பேசினார். சோமர்வில் மேல்கோட்டைக் கழற்றாமலே நாலு ரோல் சாப்பிட்டார். கிரெய்க் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவள் சுட்டதைத் தின்ன இங்கே வரவில்லை என்றான். உனக்காகச் சுடவில்லை, வழக்கறிஞருக்காகத்தான் சுட்டேன் என்றார் ரோனா. கெட்டில் மறுபடி கொதிக்கும்வரை இப்படியே போனது. கடைசியில் கிரெய்க்குக்குப் பொறுமை போய்விட்டது.

தெர்மோஸ்டாட்டை மாட்டிய நாளுக்குப் பிறகு தான் இந்த வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை என்றும், மதிப்பில்லாத இடத்துக்கு மனுஷன் வர மாட்டான் என்றும் ஆரம்பித்தான். நைரி அதையே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னான். சூட்டோடு சூடாக மேலும் சொன்னான்.

"அப்பாவோட பேண்ட்டை வெட்டி, மணலை ரொப்பி, கதவுக்கு அடியில மிதிபடப் போட்டவ இவ. இவளுக்கு அப்பா வீடு வேணுமாம்."

ரோனா கதவைப் பார்த்தார். அங்கே துண்டுதான் கிடந்தது. நானும் பார்த்தேன். எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஆனால் உறைத்தது.

"உங்க போனை எடுங்க, கிரெய்க்," என்றார் நைரி. "இப்ப இந்த வீட்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு அதுகிட்ட கேளுங்க."

அவன் எடுக்கவில்லை. சோமர்வில் கையை நீட்டியதும் வேறு வழியில்லாமல் கொடுத்தான். சோமர்வில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். மேசையைச் சுற்றியிருந்த எங்கள் ஐந்து பேரையும் பார்த்தார். பிறகு திரையில் இருந்ததைப் படித்தார். வீட்டில் யாரும் இல்லை.

நைரி அவசரமில்லாமல் விளக்கினார். கருவிக்குக் கண் இருப்பது ஹாலில். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் மூடிய கதவு. ரோனா வருவதும் போவதும் கொல்லை வழியாக. அவரிடம் இருப்பது பழைய பொத்தான் போன், அதை வைத்தும் இயந்திரம் அவரைக் கண்டுபிடிக்காது. சமையலறையில் ஆறு மாதம் குடித்தனம் நடத்தினாலும் அதைப் பொறுத்தவரை வீடு காலிதான்.

"அப்போ அந்தச் சனிக்கிழமைகள்?" என்று கேட்டார் சோமர்வில்.

"சனிக்கிழமை மதியம் ரோனா எங்க இருப்பாங்கன்னு இந்தப் பள்ளத்தாக்குல எல்லாருக்கும் தெரியும். கிளப் சமையலறையில, முழங்கை வரைக்கும் சீஸோட. அந்த நேரத்துல ஹால்ல நடந்தது வேற ஆள். முன்கதவு சாவி வச்சிருக்கற ஆள், கீலுக்கு எண்ணெய் போட்டவர். ஹால் பக்கமிருந்து இந்தக் கதவைத் தள்ளித் திறந்தா, பாம்பு சுவரோரமா போயிடும். திரும்பப் போகும்போது அந்தப் பக்கமிருந்து அதைப் பழைய இடத்துல வைக்க முடியாது. பாவம், திட்டு வாங்கினது பூனை."

நைரி தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"பாம்பைத் தைச்சது நீங்க தெர்மோஸ்டாட் மாட்டினதுக்கு அடுத்த வாரம், கிரெய்க். இன்னைக்கு அது இங்க இல்லை. அதை நீங்க பார்த்திருக்கீங்கன்னா, கதவைத் திறந்து இந்த ரூமைப் பார்த்திருக்கீங்க. எரியற கணப்பைப் பார்த்திருக்கீங்க, காயற துணியைப் பார்த்திருக்கீங்க. இவங்க இங்கதான் இருக்காங்கன்னு தெரிஞ்சும், இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

கிரெய்க் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அது அப்பா வீடு, தான் எப்போது வேண்டுமானாலும் வருவேன் என்றான். ஒரு நிமிடம் முன்னால் வரவே இல்லை என்றவன். நான் அதைச் சுட்டிக்காட்ட வாயெடுத்தேன். நைரி என் காலை மிதித்தார்.

ஆனால் சோமர்வில் பேனாவை மூடவில்லை. ஒன்று இடிக்கிறது என்றார். கிரெய்க் வந்து போனது சரி, அதைப் பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம். ரோனா தன்னிடம் போனில் சொன்னது வேறு: வீடு கதகதப்பாக இருந்தது, தினமும் முன் படுக்கையறையில்தான் தூங்கினேன் என்று. படுக்கையறைக்குப் போக ஹாலைத் தாண்ட வேண்டும். தாண்டியிருந்தால் கருவி பார்த்திருக்கும். அப்படியானால் படுத்தது எங்கே? தங்கச்சி வீட்டிலா?

"அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேணும், மிஸஸ் கன். பதில் சரியா இருந்தா கோப்பை மூடிடறேன், வீடு உங்களோடது. இல்லைன்னா என்னால மூட முடியாது."

கிரெய்க் சிரித்தான். "சொல்லு ரோனா. வெதுவெதுன்னு இருந்துச்சுல்ல?"

ரோனா உதட்டை மடித்துக்கொண்டார். நான் நைரியைப் பார்த்தேன். அந்த சோபாவும் வெந்நீர்ப் பையும் அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நைரி வேண்டாம் என்று மெதுவாகத் தலையை அசைத்தார். தான் சொன்னால் அது ஊகம், ரோனா சொன்னால்தான் சாட்சி. அதை எந்தப் புத்தியாலும் கறந்துவிட முடியாது. எங்கள் பக்கத்து ஜனங்கள் வீட்டை விட்டுக்கொடுப்பார்கள், குளிர்ந்தது என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதுவும் எதிராளி முன்னால் வைத்து.

ரோனா கிரெய்க்கைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பித்தானைக் கழுத்துவரை போட்டார். எழுந்து போய்விடப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. வீடு அத்தோடு போய்விடும். துப்பறிவது எப்படி என்று எனக்குத் தெரியாது, கேட்கத் தெரியும். அவர் முன்னால் போய், முட்டி இடிபடுகிற தூரத்தில் உட்கார்ந்தேன்.

"ரோனா, குளிருச்சா?"

"ஒரு ஸ்வெட்டர்..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் கை போட்ட பித்தானையே திருகிக்கொண்டிருந்தது. பூனை வந்து என் மடியில் ஏறப் பார்த்து, முடியாமல் என் செருப்பின்மேல் படுத்துக்கொண்டது.

"குளிருச்சு," என்றார் ரோனா. குரல் என்னிடம் வந்தது, பார்வை கிரெய்க்கிடம் போனது. "ஜூன்லேர்ந்து குளிருச்சு. முன் ரூம்ல ஒரு ராத்திரிகூட என்னால படுக்க முடியல. இந்த சோபாவுல, கோட்டைப் போட்டுக்கிட்டு, பூனையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுத்தேன். அந்த மிஷினைப் போடணும்னா இவனுக்கு போன் பண்ணி நம்பர் கேக்கணும். உறைஞ்சு செத்தாலும் சாவேன், இவன்கிட்ட கேக்க மாட்டேன்னு இருந்துட்டேன்."